மில் இன்னும் ஸ்ட்ரைக்கில்தான் இருக்கிறது

சௌபாக்கியா மில்லைக் கல்யாண மண்டபமாக மாற்றி, அதன் நெற்றியில் 'தி ஸ்பிண்டில்' என்று ஒரு பெயரை மாட்டி, ரிப்பன் வெட்டி, இன்று முதல் இயங்குகிறது என்று மைக்கில் அறிவித்துவிட்டு நடத்திய முதல் கல்யாணத்தில், நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊதியும் சத்தம் வரவில்லை, தவில்காரர் காளிதாசன் தோள் கழன்றுபோகிற அளவுக்கு அடித்தும் சத்தம் வரவில்லை, ஐயரின் மந்திரம் வெறும் வாயசைப்பாகப் போயிற்று, சமையல்கட்டில் நஞ்சப்ப மாஸ்டர் ஏற்றிய அண்டாவுக்கு அடியில் தீ கொழுந்துவிட்டு எரிய, உள்ளே அரிசி, ஊறப்போட்ட அரிசியாகவே கிடந்தது. முகூர்த்த நேரம் நெருங்கியபோது, காலையிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் தவிலைப் பிடுங்கி, தாளமும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, நாலு சாத்து சாத்தினார். தவில் இடி மாதிரி முழங்கியது. பெண்ணின் அத்தைமார்கள் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உப்புமா கிண்டினார்கள், அது வெந்தது. கெட்டிமேளத்துக்குப் பதிலாகப் பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் எவர்சில்வர் தட்டுகளைத் தட்ட, தாலி ஏறியது.

மில் கேட்டுக்கு எதிரில் பஜ்ஜி போடுகிற ருக்குமணியக்காவிடம் போய் எல்லோரும் இது என்ன அதிசயம் என்று கேட்டார்கள். அவர் அந்த மில்லிலேயே வேலை பார்த்தவர். இதிலென்ன அதிசயம், ஸ்ட்ரைக்கை யாரும் வாபஸ் வாங்கவில்லையே என்று சொல்லிவிட்டு வாழைக்காயைத் திருப்பிப் போட்டார். உண்மைதான். அந்தக் காலத்தில் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் என்று வெளியே வந்தார்கள், முதலாளி கதவடைப்பு என்று பூட்டினார், பூட்டு துருப்பிடித்தது, ஆளுக்கொரு வேலை தேடிப் போனார்கள், சங்கத்தலைவர் கால்வலி வந்து மகள் வீட்டோடு போய்விட்டார், ஆனால் ஸ்ட்ரைக் முடிந்தது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மனிதர்கள் மறந்துவிட்டார்கள், மில் மறக்கவில்லை. கூலி வாங்குகிற எந்த வேலையும் அதற்குள் நடக்காது. மின்விசிறி சுற்றும், ஏனென்றால் அதற்குச் சம்பளம் கிடையாது. அப்படியானால் இடித்துக் கட்டியபோது கொத்தனாரும் பெயிண்டரும் வேலை செய்தார்களே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மில் ஓடப்போகிறது என்று மைக்கில் சொன்ன பிறகுதானே மில்லுக்குத் தெரியும், அதுவரை அதற்கென்ன.

மில்லின் பழைய முதலாளியுடைய பேரன் ஆதித்யா, வெளிநாட்டில் படித்தவன், இதைப் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்பினான். மிச்சமிருந்த பழைய தொழிலாளர்களைக் கார் வைத்து அழைத்து வந்து, குஞ்சம் கட்டிய நாற்காலிகளில் உட்கார வைத்து, ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கச் சொன்னான். அவர்களும் நல்ல மனதோடு எழுந்து, கை உயர்த்தி, வாபஸ், வாபஸ் என்று நாலு பக்கச் சுவருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஜிகர்தண்டா குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த கல்யாணத்திலும் அரிசி வேகவில்லை. ஸ்ட்ரைக்கை நாங்கள் ஆரம்பித்தது வாஸ்தவம், இப்போது பண்ணிக்கொண்டிருப்பது மில், அதற்கு என்ன கோரிக்கையோ அதைத்தான் கேட்க வேண்டும் என்று ருக்குமணியக்கா சொன்னார். ஆதித்யா சுவரோடு பேசிப் பார்த்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது, அவன் வாடகை வாங்குகிறவன்.

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட விஷயத்துக்கெல்லாம் அசந்துபோய் உட்கார்ந்துவிடுகிறவர்கள் அல்ல, முதலில் குறுக்கு வழி தேடினார்கள். வெளியே சமைத்து வேனில் கொண்டுவந்தார்கள், கேட்டைத் தாண்டியதும் இட்லியெல்லாம் மாவாக வழிந்தது. சமையல்காரரைச் சித்தப்பா என்று பத்திரிகையில் போட்டார்கள், சித்தப்பாவின் சாம்பார் பருப்பு வேறு தண்ணீர் வேறாக நின்றது. ஐயர் தட்சிணை வேண்டாம் என்று வாயால் சொன்னார், குரல் பாதி வந்தது. மனதாரச் சொன்னார், முழுசாக வந்தது. ஒரு வீட்டில், காசே வேண்டாம் என்று சமைத்தவருக்கு மூலையில் வைத்து யாரோ கவரைத் திணித்துவிட, பந்தியில் உட்கார்ந்தவர்களின் இலையில் இருந்த பாயசம் காய்ச்சாத பாலாகவும் வறுக்காத சேமியாவாகவும் பிரிந்து ஓடியது. ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு மென்பொருள் கம்பெனி விவரம் தெரியாமல் ஆண்டுவிழாவை அங்கே வைத்தது. தலைமை நிர்வாகி மேடையேறிப் பேசினார், ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைப் புகழ்ந்தார்கள், அதுவும் கேட்கவில்லை. சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், சாப்பாடு எப்போது என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள், அது மட்டும் கணீரென்று கூடம் முழுக்கக் கேட்டது. கடைசியில் தலைமை நிர்வாகி ஒரு காதல் பாட்டைப் பாடினார், பாடுவதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லையாதலால் அதை எல்லோரும் கேட்க வேண்டியதாயிற்று. விழா முடிந்து போன ஊழியர்கள், வாழ்நாளில் இப்படி ஒரு மீட்டிங்கைப் பார்த்ததில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள், அதற்குப் பிறகு கம்பெனிகள் வரிசையில் நின்றன.

கல்யாணங்களும் நின்றுவிடவில்லை, கூடின. சொந்தபந்தம் கூடி அவர்களே காய் நறுக்கி, அவர்களே கோலம் போட்டு, அவர்களே பந்தி பரிமாறி, அவர்களே சண்டையும் போட்டுக்கொள்கிற கல்யாணம் என்பது ஒரு கௌரவமாயிற்று. பெண் பார்க்கப் போகிற இடத்தில், எங்கள் பெரியவனுக்கு மில்லில்தான் முடித்தோம் என்று சொன்னால் போதும், மறுபேச்சு கிடையாது, உட்காரப் பாய்க்குப் பதில் சோபா வந்துவிடும். ஆனால் மில் சும்மா இருக்குமா. கொஞ்சநாளில் சொந்தக்காரர்கள் சமைத்த சோறும் அரைவேக்காடாக இறங்க ஆரம்பித்தது. என்னவென்று பார்த்தால், உன் வீட்டு விசேஷத்தில் நான் வாளி தூக்கினேன், என் வீட்டில் நீ தூக்கு என்கிற செய்முறைக் கணக்கில் வந்தவர்களின் கை அது. அந்தக் கணக்கும் கூலிதான் என்று மில் முடிவுசெய்துவிட்டது. இந்தத் தீர்ப்பு வந்த மாதம் கோயமுத்தூரில் எத்தனை பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்கு அளவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மண்டபத்தின் மேனேஜராக இருந்தவள் யோகலட்சுமி. சம்பளக்காரியாதலால் அவள் குரல் உள்ளே எடுபடாது. பழைய டைம்கீப்பர் அறை கேட்டுக்கு வெளியே இருந்தது, அங்கே உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். விவரம் தெரியாமல் வண்டியோடு வந்து இறங்குகிற சமையல்காரர்களையும், பந்தல்காரர்களையும், மேளக்காரர்களையும் கேட்டிலேயே நிறுத்தி, உள்ளே போனால் அவமானப்படுவீர்கள் என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்புகிற வேலையும் அவளுடையதுதான். வண்டியில் திரும்ப ஏறுகிறவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். அவள் அப்பா, அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே விட்டுப் போனவர், அம்மா வேலுமணி சாதி மாறிக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டுப் படியேறாதவள், தையல் மெஷினை மிதித்து மகளைப் படிக்கவைத்தாள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த இரண்டு பேருக்கும் அந்த இரண்டு பேர்தான்.

மகுடேஸ்வரன் ஜெனரேட்டர் மெக்கானிக். மில்லின் ஜெனரேட்டரைப் பழுது பார்க்கக் கம்பெனி அவனை அனுப்பும், அவனும் வந்து கழற்றுவான், மாட்டுவான், அது ஓடாது, போவான். போகிற வழியில் டைம்கீப்பர் அறைப்பக்கம் கொஞ்சம் நிற்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் விசேஷத்தில் கரண்ட் போனால் யோகலட்சுமி எல்லோரிடமும் பேச்சு வாங்குவாளே என்று நினைத்து, யாரும் அனுப்பாமல், அவளிடமும் சொல்லாமல், தானாக வந்து ஸ்பேனரை எடுத்தான். ஜெனரேட்டர் திருச்சி ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி உறுமியது. பஜ்ஜிக் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, கூலி இல்லை, செய்முறை இல்லை, அவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிற எண்ணம்கூட இல்லை, இருந்திருந்தால் ஓடியிருக்காது. யோகலட்சுமி வெளியே வந்து, சத்தம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாக இருந்தது, இரண்டையும் மறைக்கத் தெரியவில்லை.

அவன் அம்மா சம்பூர்ணம் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஆனால் யோகலட்சுமியிடம் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கல்யாணம் மில்லுலதான் நடக்கோணும். முகூர்த்தச் சோறு பொண்ணு வீட்டு அடுப்புல, பொண்ணு வீட்டு ஆளுங்க கையில வேகோணும். நான் சீர் கேக்கல, நகை கேக்கல. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா உம்பட பக்கம் வந்து நிக்கறதுக்கு யாரு இருக்கறாங்கன்னு பாக்கோணும், அவ்வளவுதான்."

சம்பூர்ணம் கெட்டவர் அல்ல. கணவர் இறந்தபோது சொந்தக்காரர்கள் வந்து நின்றதால்தான் தலைநிமிர்ந்தவர், சொந்தம் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்குப் பயம். மகுடேஸ்வரன் கோபப்பட்டு, வேறு மண்டபம் பார்க்கலாம், கோயிலில் கட்டிக்கொள்ளலாம், எந்தச் சோறும் வேண்டாம் என்று குதித்தான். யோகலட்சுமிதான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வீட்டுக் கல்யாணத்தை நடத்திவைத்தவள், தன் கல்யாணத்துக்கு மட்டும் பயந்து வேறு மண்டபத்துக்கு ஓடினால் அது சாகும்வரை சொல்லிக்காட்டுகிற கதையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சோறு போடாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வறட்டு வீம்புதான், ஆனால் அவளிடம் அப்போது வேறென்ன இருந்தது.

முகூர்த்த நாளன்று மாப்பிள்ளை பக்கத்து நாற்காலிகள் நிரம்பி வழிந்தன, பெண் பக்கம் குஞ்சம் கட்டிய நாற்காலிகள் வரிசை வரிசையாகச் சும்மா இருந்தன. சமையல்கட்டில் வேலுமணி ஒற்றை ஆளாக ஒரு சட்டியில் உலை வைத்தாள், அது தளதளவென்று கொதித்து, மல்லிகை மொட்டு மாதிரி சோறு வெந்தது. அவள் பிரியத்துக்கு அளவில்லை, சட்டிக்கு அளவிருந்தது. ஒரு பந்தியின் கால்வாசிக்குக்கூட வராது. அண்டாவைத் தூக்க அவளால் முடியவில்லை, உதவிக்கு ஓடிவந்த மகுடேஸ்வரனை, பெண் வீட்டு அடுப்பில் மாப்பிள்ளை கை வைக்கக்கூடாது என்று அவன் பெரியப்பாமார்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் பின்பக்கக் கேட்டில் நஞ்சப்ப மாஸ்டர் வந்து நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் தவிலோடு காளிதாசன், அவருக்கும் பின்னால் பந்தல்காரர், இலைக்காரர், தண்ணீர் வண்டிக்காரர் என்று அந்த மில் வயிற்றில் அடித்த அத்தனை பேரும். யோகலட்சுமிமேல் பிரியப்பட்டு வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். முதல் கல்யாணத்தில் அரிசி வேகாத நாளிலிருந்து மாஸ்டரை மார்க்கெட்டில் எல்லோரும் ஊறல் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், வெங்காயக் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அந்த அடுப்பை ஒரு நாளாவது ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அவர் வஞ்சினம் கூறியிருந்தார். காசு வாங்காமல் சமைக்க ஒரு கல்யாணம் வேண்டும், யாருமில்லாத பெண்ணின் கல்யாணம் கிடைத்திருக்கிறது, விட்டுவிடுவாரா.

மாஸ்டர் அண்டாவை ஏற்றினார், தீயை மூட்டினார், அரிசியைக் களைந்து போட்டார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அசையவில்லை. தீயைக் கூட்டினார், அசையவில்லை. நான்தான் காசு வாங்கவில்லையே என்று சுவரைப் பார்த்துச் சொன்னார், குரலே வரவில்லை. கெட்டுப்போன பேரை மீட்க வந்திருக்கிறார், அந்தப் பேரும் கூலிதானே என்பது மில்லின் கட்சி. காளிதாசன் ஓரமாக நின்று தவிலை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராததால் வைத்துவிட்டார்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். யோகலட்சுமி கூறைப்புடவையோடும் மாலையோடும் சமையல்கட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் யாரையும் பார்க்கவில்லை, அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள், கையை உள்ளே விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்துப் பார்த்தாள், அது பச்சையாக இருந்தது, திரும்பவும் தண்ணீரிலேயே போட்டுவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. அங்கே நின்ற ஆட்களிடம், நீங்கள் வந்ததே போதும், வெயிலாகிவிட்டது, கிளம்புங்கள் என்று எப்போதும் கேட்டில் சொல்லுகிற அதே குரலில் சொன்னாள். அவளுக்கு அன்று லீவு, அதனால் அது எல்லோருக்கும் கேட்டது.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பெற்ற மகள் அவருக்கில்லை, இரண்டு மகன்களோடும் பேச்சுவார்த்தை இல்லை. என்ன நினைத்தாரோ, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கீழே போட்டார்.

"என்ற பேரு கெட்டது கெட்டதாவே இருந்துட்டுப் போகட்டும். ஊறல் மாஸ்டருன்னே சாகற வரைக்கும் கூப்புடுங்க. இந்தப் புள்ள எலையப் போட்டுட்டுச் சோறில்லாம நிக்கப்படாது. அதுக்கு என்ன பண்றதுன்னு ஆராச்சும் சொல்லுங்கப்பா."

குரல் கணீரென்று வந்தது, ஆனால் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அகப்பையைத் தூர வைத்துவிட்டு, வேலுமணியின் சிறிய சட்டியைக் கொண்டு எத்தனை தடவை உலை வைத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் அண்டா கொதித்துப் பொங்கித் தீயில் வழிந்து புஸ்ஸென்று புகை எழுந்தபோதுதான் எல்லோரும் திரும்பினார்கள். காளிதாசனும் தன் பேரை மறந்து தவிலை எடுத்துத் தோளில் மாட்டி, எடுத்த எடுப்பிலேயே கெட்டிமேளம் கொட்டினார், மணமேடையில் ஐயர் அதற்குள்ளேயா என்று பதறினார், அரைகுறையாக மாலை கலைந்திருந்த பெண்ணை எல்லோரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போக, தாலி ஏறியது.

பந்தி நடந்தது. சோறு, அரிசிம்பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், இனிப்புக்கு ஒப்புட்டு. மாப்பிள்ளை பக்கத்துக்காரர்கள் மூன்றாவது முறை ரசம் கேட்டார்கள். ஒப்புட்டு பரிமாறிக்கொண்டிருக்கும்போது, யோகலட்சுமி சந்தோஷத்தில் புத்தி தடுமாறி, வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டு வேட்டியும் வைத்த தட்டை மாஸ்டரிடம் நீட்டிவிட்டாள். பந்தி அப்படியே நின்றது. வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது, விழுங்கியவர்கள் வயிற்றைத் தொட்டுக்கொண்டார்கள். மாஸ்டர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அதய அக்கட்டால வெச்சுப்போட்டு உக்காரு அம்மிணி. காலையில இருந்து நீ ஒண்ணும் திங்கல," என்றார்.

அவளை உட்கார வைத்து, இலை போட்டு, தன் கையால் சோறு வைத்து நெய் ஊற்றினார். எதிர்ப் பந்தியில் இருந்த சம்பூர்ணம் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தார். இந்த அம்மா எதுவும் லேசில் விடமாட்டார்.

"ஏனுங்க, பொண்ணுக்கு நீங்க என்ன முறை?"

மாஸ்டர் கையிலிருந்த நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஆட்களைத் திரும்பிப் பார்த்தார், அவர்களும் விழித்தார்கள்.

"இனிமேத்தானுங்க பேசி முடிவு பண்ணோணும்," என்றார்.

பேசினார்கள். ருக்குமணியக்காவின் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள், தீபாவளிக்குப் பேசினார்கள், பொங்கலுக்குப் பேசினார்கள். தாய்மாமன் நான்தான் என்று மாஸ்டர் சொன்னார். முதலில் கெட்டிமேளம் கொட்டியவன் நான், நான்தான் தாய்மாமன் என்று காளிதாசன் சொன்னார். பந்தல்காரரும் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தப்பாவாக இருக்க ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்குள் யோகலட்சுமிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, காதுகுத்து மில்லில்தான் என்று சம்பூர்ணமே முன்னின்று முடிவுசெய்து, யோகலட்சுமிக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் அவளுடைய தாய்மாமன்களில் யார் மடியில் குழந்தையை உட்கார வைப்பது என்று கேட்டபோது, அத்தனை பேரும் புது வேட்டியோடு வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை தாய்மாமனுக்கு நான் எங்கே போய்ப் பதில் சீர் செய்வேன் என்று சம்பூர்ணம் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் அவர் முகத்தில் பயம் இல்லை. வலது காது ஒரு மடியில், இடது காது ஒரு மடியில், மற்றவர்களுக்கு அடுத்த குழந்தை என்று பஞ்சாயத்து முடிந்தது. ஆசாரி காசு வேண்டாம் என்று மனதாரச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். குழந்தை அழவில்லை, மாஸ்டர்தான் அழுதார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, எல்லோருக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி.